ஏழு விடைத்தாள்களில் ஒரே வரி

நான் இருந்த பயிற்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எனக்குப் போன் செய்தால், நலம் விசாரித்த கையோடு ஒன்றைக் கேட்கிறீர்கள். "காப்பி அடிக்கிறவங்கள எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?" அந்த விஷயத்தில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. முதுகுக்குப் பின்னால் என்னை எக்ஸ்ரே என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் தட்டின் அடிப்பக்கம்தான் போகும். ஆகவே சந்தேகப்படாதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் இதை எழுதவில்லை. ஒருமுறை நான் சந்தேகப்பட்டது போதவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கான ஒயர் கட்டுகள் செய்தோம். நான் அங்கே சேர்ந்தது தரப் பரிசோதகராக. வெளியிலிருந்து வரும் சரக்கைப் பார்த்து உள்ளே விடுவதோ திருப்பி அனுப்புவதோ என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு சப்ளையர் அனுப்பிய அளவு அறிக்கையைப் பார்த்தேன். பத்துத் துண்டுகளை அளந்ததாக எழுதியிருந்தார்கள். பத்தும் கடைசிப் புள்ளிவரை ஒரே அளவு. நான் சரக்கைப் பிரிக்கக்கூட இல்லை. அளந்தவன் அளக்கவே இல்லை என்று எழுதித் திருப்பிவிட்டேன். அவர்கள் ஆளே வந்து ஒப்புக்கொண்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒன்று என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. ஒரே மாதிரி இருந்தால் அதில் பொய் இருக்கிறது. பல வருஷம் அது என்னைக் கைவிடவில்லை.

கடைசிப் பத்து வருஷம் என்னைப் பயிற்சிப் பிரிவில் போட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆடிட்டுக்கு வரும்போது மேலாளர்களை விட்டுவிட்டு உற்பத்தி லைனில் நிற்கும் பெண்களிடமே நேராகக் கேட்க ஆரம்பித்திருந்த காலம். இந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பார்கள். பதில் தெரியாமல் ஒரு பெண் விழித்தால் ஒரு குறை பதிவாகும். ஆகவே டிரெய்னியாகச் சேருகிறவர்கள் எல்லோருக்கும் ஆங்கில வார்த்தைத் தேர்வு வைத்தோம். மாதத்துக்கு ஒரு பட்டியல், எழுத்து வாரியாக. ஒரு மாதம் 'ரீ' என்று தொடங்கும் வார்த்தைகள்: ரீவொர்க், ரிஜெக்ட், ரிப்பேர், ரிட்டர்ன். ஒரு மாதம் 'மிஸ்' என்று தொடங்குபவை. ஒரு மாதம் க்யூவும் யூவும் சேர்ந்து வருபவை: குவாலிட்டி, குவான்டிட்டி, க்விக், க்விட், ஈக்குவல், ரெக்வெஸ்ட், ஸ்கொயர், குவாரன்டைன். அர்த்தத்தைத் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ எழுதலாம். எங்கள் எல்லையில் வேறு வழி இல்லை. நான் மூன்றும் படிப்பேன்.

அந்தக் க்யூ பட்டியலை நடத்தும்போது வகுப்பே சிரித்தது. கல்லாவியிலிருந்து வந்திருந்த ஒருத்தி எழுந்து, "இந்த எழுத்து தனியாவே வராதுங்களா மேடம்? சந்தைக்குப் போறதுன்னாக்கூட ஆளு சேர்த்துக்கிற எங்க அத்தை மாதிரியே இருக்குது" என்றாள். நானும் சிரித்தேன். நான் சிரித்தால் அடுத்த வாரம் கடுமையான தேர்வு வரும் என்று அவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தேர்வைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். இருபதுக்குப் பதினாறு எடுத்தால்தான் பர்மனென்ட் ஆவதற்கான தாள் நகரும். எடுக்காதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் முறைகேடு என்று எழுதி அனுப்பப்பட்டவர்களுக்கு எதுவும் கிடையாது. எங்கள் கேட் மட்டும் அல்ல, அந்தப் பேட்டையில் எந்தக் கேட்டும் திறக்காது. காரணம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அதில் இருக்கிறீர்கள். பயிற்சி அலுவலர்களின் வாட்ஸாப் குழு. யாரையாவது வெளியே அனுப்பினால் பெயரையும் ஊரையும் போட்டு ஒரு சிவப்புப் புள்ளி வைப்போம். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. யாரும் கையெழுத்துப் போட்டு ஆரம்பித்ததும் இல்லை. ஆனால் அந்தப் புள்ளியைத் தாண்டி ஒருத்தி இன்னொரு கம்பெனிக்குள் போனதை நான் பார்த்ததில்லை.

க்யூ தேர்வை எழுதியவர்கள் பதினெட்டுப் பெண்கள். திருத்தும்போது குவாரன்டைன் என்ற வார்த்தையில் வந்து நின்றேன். நான் கொடுத்த குறிப்பில் தனிமைப்படுத்துதல் என்று இருந்தது. பதினோரு பேர் கொரோனாவை நினைத்து, வீட்டுக்குள் பூட்டி வைப்பது, தகரம் அடிப்பது என்று எழுதியிருந்தார்கள். பாதி மார்க் போட்டேன். மீதி ஏழு பேர் எழுதியிருந்தது இது: 'இது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முடிவு வரும்வரை யாரும் கை வைக்காதீர்.'

ஏழு தாளிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கமாவும் அதே இடத்தில். என் குறிப்பில் இல்லாத வரி, அகராதியிலும் இல்லாத வரி. அதைவிட, எங்கேயோ பார்த்த மாதிரியும் இருந்தது. ஏதோ கைடு புத்தகத்து வரி என்று முடிவு கட்டினேன். அந்தப் பத்து அளவுகளின் அறிக்கை கண் முன்னால் வந்து நின்றது. சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஏழில் ஒரு தாள் என் கையிலேயே ஒட்டிக்கொண்டது. மாதேவி என்ற பெண்ணுடையது. தளிக்கு அப்பால், காட்டோரத்தில் இருக்கும் ஜவளகிரியிலிருந்து வந்தவள். அவர்கள் தெருவிலிருந்து கம்பெனி வேனில் ஏறிய முதல் ஆள். அப்பா, அம்மா இருவரும் மற்றவர்களின் நிலத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். கன்னடத்தில் படித்தவள், பத்தொன்பது பதில்களையும் கன்னடத்தில் எழுதியிருந்தாள். குவாரன்டைனுக்கு மட்டும் தமிழ். அதுவும் அச்சடித்த மாதிரி, பிழையே இல்லாத தமிழ். தன் பெயரையே தமிழில் தப்பாக எழுதுகிறவள் இதை எப்படி எழுதினாள்? நீங்களாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். சந்தேகப்படாவிட்டால் நீங்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றே நான் சொல்வேன்.

மனிதவள மேலாளரிடம் கொண்டுபோனேன். அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை ஆடிட். பயிற்சிப் பதிவேட்டில் ஏழு வரிகள் முடிவில்லாமல் கிடந்தால் அதுவே ஒரு குறையாகும். அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். ஏழு பேரையும் அனுப்பிவிடலாம் என்றார். ஏழு பேருமா என்றேன். பிறகு அவரே இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு பேரு குடுங்க மேடம். யாரு கொண்டாந்தாங்களோ அவங்க மட்டும் போகட்டும். மத்த ஆறு பேருக்கும் மறுதேர்வு வச்சுக்கலாம்."

நியாயமான பேரம் மாதிரி இருந்தது. ஆறு பேரைக் காப்பாற்றுகிறேன் என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. யாரையாவது காப்பாற்றுகிறோம் என்று தோன்றும்போதுதான் நம் கை கூசாமல் இன்னொருவரைத் தள்ளிவிடுகிறது.

மாதேவியை வரச் சொன்னேன். லைனிலிருந்து நேராக வந்தாள், தலையில் வலைத் தொப்பியைக் கழற்றவில்லை. தாளை அவள் முன்னால் போட்டு, இந்த வரியை யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் குடுக்கலங்க மேடம்" என்றாள். "எழுதி இருக்குதுங்க" என்றும் சொன்னாள்.

மற்ற ஆறு பேருக்கும் நீதான் சொன்னாயா என்றேன். தலையாட்டினாள். வேனிலும் சாப்பாட்டு நேரத்திலும் தான்தான் சொல்லிக்கொடுத்ததாக, மறைக்காமல், கொஞ்சம் பெருமையோடுகூடச் சொன்னாள். அந்தப் பெருமையை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள், ஆறு பேருக்கும் கொடுத்திருக்கிறாள், ஒப்புக்கொண்டும் விட்டாள். விஷயம் முடிந்தது. தாளின் மேல் முறைகேடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியான வேனில் அவளை அனுப்பினார்கள். வேன் பேட்டையைத் தாண்டுவதற்குள் குழுவில் அவள் பெயரைப் போட்டேன். மாதேவி, ஜவளகிரி, சிவப்புப் புள்ளி.

புதன்கிழமை ஆடிட்டுக்காக எல்லாப் பிரிவிலும் பெயர்ப்பலகைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துப் பிழை பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். ஸ்டோர்ஸுக்குப் போனேன். அங்கே கம்பி வலை அடித்த ஒரு மஞ்சள் கூண்டு உண்டு. நல்லதா கெட்டதா என்று தெரியாத சரக்கை அதில் போட்டுப் பூட்டுவோம். எல்லோரும் அதை மஞ்சள் கூண்டு என்றுதான் சொல்வார்கள். புதுக் கட்டடத்துக்கு ஸ்டோர்ஸை மாற்றியபோது கூண்டும் மாறியது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அதன் முன்னால் அடுக்கியிருந்த பெட்டிகளை நகர்த்தியதும் ஒரு பழைய தகரப் பலகை தெரிந்தது. மேலே ஆங்கிலத்தில் குவாரன்டைன். அதன் கீழே தமிழில் ஒரு வரி. அதன் கீழே அதே வரி கன்னடத்தில்.

இது நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முடிவு வரும்வரை யாரும் கை வைக்காதீர்.

பக்கத்தில் ஸ்டோர்ஸ் முனிராஜ் பெயின்ட் டப்பாவோடு நின்றிருந்தார். இதை யார் எழுதியது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

"என்னாங்க மேடம், நீங்க எழுதினதுதானே? கன்னடத்துல நான் எழுதிக் குடுத்தேன், மேல நீங்க எழுதினீங்க. அந்த டெர்மினல் லாட்டு நசுங்கிப்போச்சே, அதுக்கப்புறம்."

எல்லாம் திரும்பி வந்தது. அளவு அறிக்கையைத் திருப்பி அனுப்பிக் கர்வத்தோடு திரிந்த அதே காலம். ஒயர் நுனியில் மாட்டும் பித்தளை டெர்மினல் ஒரு லாட்டு வந்தது. அளவு சரிபார்க்கும் கேஜில் போட்டேன், ஒன்றும் பொருந்தவில்லை. மேலே கீழே பார்க்காமல் மொத்தத்துக்கும் சிவப்புச் சீட்டுக் கட்டினேன். சிவப்புக் கட்டினால் அன்று மாலையே நசுக்கும் எந்திரத்துக்குப் போய்விடும். போனது. மறுநாள் தெரிந்தது, தேய்ந்து போயிருந்தது என் கேஜ். டெர்மினல் எல்லாம் சரியானவை. அன்று என் மேலதிகாரி திட்டவில்லை. நசுங்கிய பித்தளையில் ஒரு பிடி எடுத்து வந்து என் மேஜையில் கொட்டிவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். மஞ்சள் கூண்டும் பலகையும் அதற்குப் பிறகு நானாகக் கேட்டு வாங்கியவை. அந்த வரியை மூன்று நாள் யோசித்து எழுதினேன்.

மாதேவிக்கு முதல் மாதப் பயிற்சி ஸ்டோர்ஸில் என்று முனிராஜ் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து கூண்டுக்கு எதிரே உட்காருவாளாம். கன்னட வரியைப் படித்துவிட்டு, மேலே இருக்கும் தமிழ் வரியில் எந்த எழுத்து எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பாளாம். சிமென்ட்டுத் தரையில் விரலால் எழுதிப் பார்ப்பாளாம். அவள் தமிழில் பிழையில்லாமல் எழுதக் கற்ற முதல் வரி அதுதான். என் கண்ணுக்கு அச்சடித்த மாதிரி இருந்ததற்கும் அதுவே காரணம். பலகையில் நான் அச்செழுத்துப் போல எழுதியிருந்ததைப் பார்த்து எழுதியிருந்தாள்.

எழுதி இருக்குதுங்க என்று அவள் சொன்னபோது எங்கே என்று நான் கேட்கவில்லை. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எனக்கு வேண்டிய பதிலின் வாசனை அடித்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. அவளைச் சந்தேகப்பட்ட நான், என் கேஜைச் சந்தேகப்படவில்லை. அதுவும் இரண்டாவது தடவை.

மேலாளரிடம் ஓடினேன். அவர் கேட்டுக்கொண்டார். பதிவேடு மூடியாகிவிட்டது, ஆடிட் முடியட்டும், வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

வியாழக்கிழமை ஆடிட்டுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த அம்மாள் ஸ்டோர்ஸில் மஞ்சள் கூண்டுக்கு முன்னால் நின்றார். புதுப் பெயின்டில் பலகை பளபளவென்று இருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு தெளிவாக எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்த வரியைத் தெரிந்துவைத்திருந்த ஒரே குற்றத்துக்காக ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே வரிக்காகப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வரை நான் காத்திருக்கவில்லை. ஆடிட் முடிந்த அந்த வியாழக்கிழமை மாலையே மேலாளர் அறைக்குப் போய் மாதேவியின் தாளைக் கேட்டு வாங்கினேன். முறைகேடு என்ற வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்து, தவறு செய்தது தேர்வு நடத்தியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்கள் பணிப் பதிவேட்டில் ஏறும், ஓய்வு பெறும் நேரத்தில் எதற்கு என்று அவர் மெதுவாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஏறட்டும் என்றேன்.

குழுவிலும் எழுதினேன். பழைய செய்தியை அழிக்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. அதன் கீழேயே, இந்தப் பெண்மேல் குற்றம் இல்லை, தவறு என்னுடையது என்று போட்டேன். சிவப்புப் புள்ளியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இதற்கு இரண்டே இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் மட்டும் போன் செய்தார். பெயரை எடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, "ஆனா மேடம், நெருப்பில்லாம நீங்க முதல்ல போட்டிருக்க மாட்டீங்களே" என்றார். அப்படி ஒரு பெயரை நான்தான் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருந்தேன்.

சனிக்கிழமை தளி வழியாகப் பஸ் பிடித்து ஜவளகிரிக்குப் போனேன். மாதேவி வீட்டில் இல்லை. அனுப்பிய மறுநாளே தளிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே போனேன். பிளாஸ்டிக் கூரைக்குள் வரிசை வரிசையாகச் செடிகள். கையுறை போட்டுக்கொண்டு முள்ளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டேன். பலகையைப் பார்த்துவிட்டேன், அது நான் எழுதியதுதான், எனக்கு மறந்துபோயிற்று என்றேன். அவள் கத்திரியைக் கீழே வைக்கவில்லை. தமிழில்தான் பதில் சொன்னாள்.

"யாரு குடுத்தான்னு கேட்டீங்க மேடம். எங்க இருக்குதுன்னு கேக்கலையே. கேட்டிருந்தா கூட்டிட்டுப் போயிக் காட்டியிருப்பேன்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வழி சொல்வது போலச் சொன்னாள். நான் அழுதேன். எக்ஸ்ரே அழுததைப் பண்ணையில் பத்துப் பேர் பார்த்தார்கள். திங்கட்கிழமை வேனில் வரச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை வந்தாள்.

விதிப்படி அவளுக்கும் மறுதேர்வு வைக்க வேண்டியிருந்தது. அதே க்யூ பட்டியல், அதே இருபது வார்த்தைகள். அறையில் அவளும் நானும் மட்டும். இந்தத் தடவை எல்லாப் பதிலையும் தமிழிலேயே எழுதிக்கொண்டு போனாள். நான் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேர்வு எழுதும் ஒருத்தியைக் கவனிக்காமல் இருந்தேன்.

தாளை வாங்கி அவள் முன்னாலேயே திருத்தினேன். எழுத்துப் பிழைகள் இருந்தன. அர்த்தம் எதுவும் தப்பில்லை. குவாரன்டைனுக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

"இது உனக்குத் தெரியுமே" என்றேன்.

"தெரியுங்க மேடம். எழுதினா மறுபடி உங்களுக்குச் சந்தேகம் வரும்னு விட்டுட்டேன்."

இருபதுக்குப் பத்தொன்பது என்று போட்டேன். அவள் பர்மனென்ட் ஆகிவிட்டாள், இப்போது நீங்கள் பயிற்சிக்கு அனுப்பும் பெண்களுக்கு லைனில் வேலை காட்டுவது அவள்தான். அந்தத் தாளின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதாமல் விட்ட அந்த இடத்தை அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன்.